தாயின் வீசா முடிந்ததற்குப் பிள்ளை என்ன செய்யும்?

பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா அண்மையில் எமது காரியாலயத்துக்கு வந்தார். அரைநாள் கொழுந்து எடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் தங்கையின் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் பெயர் உள்ள பழைய செக்ரோல் பிரதி, இந்தியாவிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த இன்னொரு பிறப்புச் சான்றிதழ்.

"தலைவரே, தங்கச்சி சின்னப் புள்ளையா இருக்கையில வவுனியா சித்தப்பா வீட்டோட வள்ளத்துல போனவ. 90ல. முகாம்லதான் இருக்கா. எங்க தாய்மாமா மகனத்தான் கட்டியிருக்கா. அவரு இந்தியப் பிரஜை. ஆனா 2006ல பொறந்த மகளுக்கு அங்க பிரஜாவுரிமை இல்லேங்குறாங்க. தாய்க்கு வீசா இல்லையாம். தகப்பன் இந்தியாக்காரரு, புள்ள பொறந்தது இந்தியாவுல. அப்ப அது எந்த ஊருப் புள்ள?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எம்மால் முடியவில்லை. ஊவாத் தோட்டங்களில் இந்தக் கதைக்குப் பக்கத்துக் கதை இல்லாத லயம் குறைவு. ஆகவே அதை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

அந்தத் தாய்மாமன் எப்படி இந்தியாக்காரர் ஆனார்? 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் எமது மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்துக் கொடுத்தது. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், தங்கை இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். அண்ணன் குடும்பம் அழுகைக் கோச்சியில் தலைமன்னாருக்குப் போய், கப்பல் ஏறி, கூடலூரில் டேன்டீ தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக் கூடை தூக்கியது. தங்கை பதுளை மாவட்டத்திலேயே இருந்தார். 1977, 1981 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தார் பலர் வவுனியாப் பக்கம் குடியேறினார்கள். 1983 ஜூலையில் பதுளை நகரமே எரிந்தது. பிறகு வடக்கில் போர் மூண்டபோது, அங்கே போய்ச் சேர்ந்திருந்த எம்மவர் வள்ளம் ஏறினார்கள். சிலர் முறையாகச் சுற்றுலா வீசா எடுத்துப் போய், திரும்பி வர முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஒரே குடும்பத்தில் அண்ணன் வழி இந்தியப் பிரஜை. தங்கை வழி முகாம். மாமன் மகனும் அத்தை மகளும் கல்யாணம் கட்டிக்கொள்வது எமக்குப் புதிதா? அப்படிப் பிறந்த பிள்ளையைத்தான் சட்டம் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது.

சட்டம் சொல்வது இது. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் யாராயினும், பெற்றோர் யார் என்று பார்க்காமல், பிறப்பாலேயே பிரஜை. அந்தத் திகதிக்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் பிரஜையாக இருந்தால் போதும். ஆனால் 2004 டிசம்பர் 3ஆம் திகதியிலிருந்து பிறந்த பிள்ளைக்கு அது போதாது. ஒருவர் பிரஜையாகவும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவரும், வீசா முடிந்த பிறகும் தங்கியிருப்பவரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவர். அதாவது தாய் வள்ளத்தில் வந்தாள் அல்லது அவளது வீசா முடிந்துவிட்டது என்பதற்காகத் தகப்பனின் பிரஜாவுரிமை பிள்ளைக்குப் போய்ச் சேராது. அதே சொல், பதிவு மூலம் விண்ணப்பிக்கும் வழியையும், நீண்டகாலம் வாழ்ந்ததைக் காட்டி விண்ணப்பிக்கும் வழியையும் தாய்க்கு அடைத்துவிடுகிறது.

ஒருவருடைய கடதாசிக் குறையைக் குடும்பம் முழுவதன் தலையிலும் வைப்பது எமக்குப் பழகிய தண்டனை. இதில் இந்தியாவை மட்டும் குற்றம் சொல்ல எமக்கு வாய் இல்லை. 1948இல் எம்மை நாடற்றவராக்கிய பிறகு, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மணமான ஆண் விண்ணப்பித்தால், 1946க்கு முந்திய ஏழு வருடம் அவர் இடைவிடாமல் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. மனைவி கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் இங்கே வந்து, விண்ணப்பிக்கும் நாள்வரை இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளும் அப்படியே. ஒரே பயணத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் இடைவிடாத வாழ்வு அறுந்தது என்று கணக்கு. தலைப்பிரசவத்துக்கு இந்தியாவில் தாய்வீடு போன மனைவி, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கூடுதலாகச் சில மாதம் தங்கினால், தோட்டத்தில் நாள் தவறாமல் பெரட்டுக்கு நின்ற கணவனின் விண்ணப்பம் விழுந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இந்த மண்ணில் நடந்தது. 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியப் பிரஜாவுரிமை பெற்று, கப்பலுக்காகக் காத்திருந்த சுமார் 84,000 பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள். இலங்கை கொடுத்திருந்த வதிவிட வீசா காலாவதியானது. தாம் பிறந்த லயத்தில், தாம் நட்ட செடியில் கொழுந்து எடுத்தபடியே அவர்கள் 'வீசா முடிந்தும் தங்கியிருப்பவர்' ஆனார்கள். அவர்களது பிள்ளைகளுக்கு அடையாள அட்டை எடுக்கப் போனால் என்ன பாடு என்பது எமது மூத்த தோட்டத் தலைவர்களுக்குத் தெரியும். கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அந்தக் கணக்கை மூடியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவருக்கும் அவரது வழித்தோன்றலுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை என்றது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களும் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டு இலங்கைப் பிரஜை ஆனார்கள். வீசா எப்போது முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. கப்பலை நிறுத்தியது அவர்கள் இல்லையே!

2009இல் இன்னொரு திருத்தம் வந்தது. போரினால் இந்தியாவுக்குப் போய் முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளியினர், இப்போது இங்கே வசிக்கவில்லை என்ற காரணத்துக்காக அந்த உரிமையை இழக்க மாட்டார்கள் என்றது அது. எமது தோட்டங்களில் பலருக்கு இது இன்னும் தெரியாது.

2003இலேயே, இலங்கை இந்தக் கதவைத் திறந்த சில வாரங்களில், டில்லி நாடாளுமன்றம் நாம் மேலே சொன்ன 'சட்டவிரோதக் குடியேறி' விதியை நிறைவேற்றியது. கப்பலுக்குக் காத்திருந்தவர் இங்கே பிரஜை ஆனார். வள்ளத்தில் போனவரின் பிள்ளை அங்கே ஒன்றும் இல்லாமல் நின்றது.

மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2019 ஜூனில், முகாமில் உள்ள மலையக வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளோடு சேர்த்து எண்ணக்கூடாது என்ற கருத்தில் தீர்ப்புச் சொல்லி, விண்ணப்பங்களைப் பரிசீலிக்க உத்தரவிட்டது. அதே வருட இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டை மட்டும் பெயர் சொல்லி, எம்மை விட்டுவிட்டது. 2025 செப்டெம்பரில் ஓர் ஆறுதல் கிடைத்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் வீசாவும் இல்லாததற்காகத் தண்டனை இல்லை. நல்லது. ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பதும் பிரஜை ஆக்குகிறோம் என்பதும் ஒன்றாகா. அந்த 2006 பிள்ளையின் நிலை மாறவில்லை.

எமது நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறோம். போரிலும் கலவரத்திலும் உயிர் பிழைக்க ஓடியவரின் வீசா முடிந்தது ஒரு குற்றமே இல்லை. குற்றம் என்றே வைத்தாலும், அது அவரோடு நிற்க வேண்டும். பிறக்கும்போது பிள்ளை கடவுச்சீட்டு கொண்டு வருவதில்லை. 1964இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து எழுதிய கணக்கின் மிச்சம்தான் இந்தக் குடும்பங்கள். அதைத் தீர்ப்பதும் இரண்டு அரசுகளின் வேலைதான். மலையகப் பிரதிநிதிகள் டில்லிக்குப் போகும்போது வீட்டுத் திட்டத்தை மட்டும் பேசிவிட்டு வரக்கூடாது.

கொழும்புக்கும் ஒரு வார்த்தை. 2025 மே மாதம் முகாமிலிருந்து திரும்பி வந்த ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில், அன்று அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போனதற்காகக் கைது செய்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் இப்படியானவர்களுக்காகச் சட்டத்தை மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தது. குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில் போர்க்காலத்தில் வள்ளம் ஏறியவர்களுக்குத் தெளிவான விலக்கு எழுதப்படும்வரை, 'வாருங்கள்' என்ற அழைப்பை நம்பி எந்தக் குடும்பம் மூட்டை கட்டும்?

இனி, அந்த அம்மாவிடம் நாம் சொன்னது.

முகாமில் உள்ள உறவினரின் பெயரை மறைத்து விண்ணப்பம் எழுதாதீர்கள். தங்கையைக் காட்டினால் எங்களுக்கும் இடைஞ்சல் வருமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. மறைத்தது பிறகு தெரியவந்தால், பொய்ச் சத்தியக்கடதாசிதான் உண்மையான இடைஞ்சல். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு எமது சட்டம் கேட்பது, பிறந்தபோது தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையா, பிறப்பு முறையாகப் பதிவாகியதா என்பதையே. ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். தவறினால் காரணம் காட்டிப் பிந்தியும் கேட்கலாம். சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயம் இதைச் செய்யும்.

ஆனால் பதியுங்கள் என்று நாம் அவரை நெருக்கவில்லை. இலங்கைப் பிரஜை என்று எழுதிவிட்டால், தகப்பன் வழியாக இந்தியப் பிரஜாவுரிமை கேட்கும் வாதம் என்னவாகும் என்பதை அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டும். கூடலூரில் வளர்ந்த பிள்ளைக்குப் பசறை ஒரு படம் மட்டும்தான். அது எங்கே வாழ விரும்புகிறது என்பதைத் தொழிற்சங்கக் காரியாலயத்தில் உட்கார்ந்து நாம் தீர்மானிக்க முடியாது.

செக்ரோல் பிரதியை மட்டும் லெமினேட் செய்ய வேண்டாம் என்று தடுத்தோம். பின்பக்கத்து முத்திரையையும் அதிகாரிகள் தொட்டுப் பார்ப்பார்கள். தகப்பனாரின் சேவைக்காலம் முழுவதற்குமான பதிவைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். வேறு தோட்டங்களிலும் இப்படி முகாமில் உறவினர் உள்ளவர்கள், 1964க்கு முந்திய எந்தத் துண்டுக் கடதாசி கையில் இருந்தாலும், தோட்டக் கமிட்டித் தலைவரிடம் காட்டி ஒரு பிரதி எமக்கு அனுப்பி வையுங்கள். தரகர்களிடம் மூலப்பிரதியைக் கொடுக்காதீர்கள்.