ருஷ்யக் கரடியின் பூர்வோத்தரம்

உலக நாடுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சித்திரம் தீட்டி, அதன் கீழே பத்து வரி எழுதிவருமாறு சென்ற மாதம் என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ருஷ்யாவை எடுத்துக்கொண்ட பையன் ஒருவன், பனியின் நடுவே ஒரு கரடியை நிறுத்தியிருந்தான். அதன் ஒரு கையில் மதுப்புட்டி. மற்றொரு கையில் மரப் பொம்மை. "இவை மூன்றும் ருஷ்யாவின் தேசியச் சின்னங்கள்" என்பது முதல் வரி. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "எல்லோருக்கும் தெரியுமே, ஸார்!" என்றான்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களைத்தான் சற்று விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ருஷ்ய ராஜ்யத்தின் சின்னம் கரடியன்று. இரட்டைத் தலைக் கழுகு. மூன்றாம் ஐவானின் 1497-ம் வருஷத்து முத்திரையிலேயே அக்கழுகைக் காணலாம். 1917-ம் வருஷப் புரட்சியோடு பறந்துபோன அது, 1993-ல் திரும்பி வந்தது. கரடிக்கு யாரோஸ்லாவ்ல், பெர்ம் முதலிய ஊர்களின் சின்னங்களில் இடமுண்டே தவிர, தேசத்தின் சின்னத்தில் இடம் கிடைத்ததில்லை.

பின் இந்தக் கரடி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வெளியிலிருந்துதான். ஹெர்பர்ஸ்டைன் என்ற ஆஸ்திரிய ராஜதூதர் மாஸ்கோவுக்குச் சென்று வந்து, 1549-ல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு கடுங்குளிர் காலத்தில் பசி பொறுக்காத கரடிகள் காட்டை விட்டு வெளிப்பட்டு, வீடுகளுக்குள் புகுந்த செய்தியை அதில் எழுதியிருக்கிறார். ஒரு வருஷத்துச் சம்பவத்தை எல்லா வருஷங்களுக்கும் உரியதாக்கிவிடுவது படிப்பவர்களுக்குச் சிரமமான காரியமா? மாஸ்கோ வீதிகளில் கரடிகள் உலாவுவதாக ஐரோப்பியர் நம்பத் தொடங்கினர்.

வேடிக்கையாக இருந்த கரடியை ஆயுதமாக்கியவர்கள் ஆங்கிலேயர். லண்டனில் வெளிவந்த 'பஞ்ச்' பத்திரிகையில் ஜான் டென்னியல் 1878-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் வரைந்த படம் பிரசித்தமானது. ஆப்கானிஸ்தானத்து அமீர் ஷேர் அலி நடுவில் நிற்கிறார். ஒரு புறம் ருஷ்யக் கரடி, மறுபுறம் பிரிட்டிஷ் சிங்கம். இந்தச் சிநேகிதர்கள் இருவரிடமிருந்தும் தப்புவது எப்படி என்று அவர் கையைப் பிசைகிறார். அதே மாதத்தில் ஆப்கன் யுத்தம் மூண்டது. கரடி இந்தியாவுக்குள் வந்துவிடும் என்ற பயமே அதற்குக் காரணம். அந்தச் செலவை யார் கொடுத்தார்கள் என்பதையும் நாம் அறிய வேண்டும். பெரும்பகுதி இந்திய ஜனங்களின் வரிப்பணம். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் லக்ஷக்கணக்கான மக்கள் மடிந்த சுவடு அப்பொழுது மறையக்கூட இல்லை. இனியொரு பஞ்சம் வந்தால் உதவுவதற்கென்று விதித்த வரியும் அந்த யுத்தத்துக்குத் திருப்பப்பட்டது என்ற கண்டனம் அக்காலத்திலேயே எழுந்தது. லண்டனில் ஒருவர் மசியால் வரைந்த கரடிக்குத் தீனி போட்டவர்கள் நம் முன்னோர்!

1898-ல் ஜார் இரண்டாம் நிக்கலஸ், ஆயுதக் குறைப்பைப் பற்றிப் பேச வல்லரசுகளை அழைத்தார். உடனே கிப்ளிங், கரடியை நம்பி முகமிழந்த ஒரு குருட்டுப் பிச்சைக்காரன் வேட்டைக்காரர்களை எச்சரிப்பதாக ஒரு பாட்டு எழுதினார். கரடி சமாதானம் பேசினால் அதுவும் சூழ்ச்சி என்று ஆகிவிட்டது.

ருஷ்யாவுக்காக வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. ஜாரின் படைகள் 1865-ல் தாஷ்கண்டையும், 1868-ல் ஸமர்கந்தையும் பிடித்தது கட்டுக்கதையல்ல. 2022-ல் உக்ரேனின் மீது ருஷ்யா படையெடுத்தபோதும் பல நாட்டுப் பத்திரிகைகளில் கரடி மறுபடி உறுமிற்று. அந்தப் படையெடுப்பைக் கண்டிப்பதற்கு வேண்டிய நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குக் கரடி எதற்கு? கரடி பிராண்டினால் அது அதன் சுபாவம். மனிதர் படையெடுத்தால் அது ஒரு தீர்மானம். தீர்மானித்தவர்களுக்குப் பெயருண்டு, மறுத்துச் சிறை சென்றவர்களும் உண்டு. கரடிச் சித்திரத்தில் இந்த இரு சாராரும் ஒரே தோலுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இந்த வித்தை நமக்குப் புதிதன்று. 1857-ல் இதே டென்னியல் நம்மை ஒரு பெண்ணின்மீதும் குழந்தையின்மீதும் பாய்ந்த வங்கப் புலியாக வரைந்தார். பழிவாங்க வருவது அதே பிரிட்டிஷ் சிங்கம்.

புட்டிக்கு வருவோம். ருஷ்யர் பிறவிக் குடியர் என்று பேசுகிறவர்கள், கடை வைத்தவர் யார் என்று கேட்பதில்லை. 1890-களில் வோட்கா விற்பனையை ஜார் அரசாங்கம் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. கஜானாவுக்கு வந்த வருமானத்தில் ஏறக்குறையக் கால் பங்கு அதிலிருந்து கிடைத்தது. 1914-ல் யுத்தத்தை முன்னிட்டு அந்த அரசாங்கமே விற்பனையை நிறுத்தியபோது கஜானா தள்ளாடியது. வோட்காவின் நாற்பது பாகக் கணக்கை ரசாயன மேதை மெண்டலேயெவ் வகுத்தார் என்பதும் வெறும் கதை. சாராயமும் நீரும் கலப்பதைப் பற்றி 1865-ல் அவர் ஆராய்ச்சி நூல் எழுதியது மெய். வோட்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மரப் பொம்மைதான் என்னை ஆச்சரியப்படுத்திற்று. ஒன்றைத் திறந்தால் உள்ளே மற்றொன்று, அதற்குள் இன்னொன்று என்று வரும் 'மத்ரியோஷ்கா'வை ஆயிர வருஷத்துச் சொத்து என்றே எண்ணியிருந்தேன். அது பிறந்தது 1890-களில், மாஸ்கோவில், மாமொந்தோவ் குடும்பத்தாரின் பட்டறை ஒன்றில். கடைந்தவர் ஸ்வியோஸ்தோச்கின், வர்ணம் தீட்டியவர் மால்யூதின் என்ற சித்திரக்காரர். ஜப்பானியப் பொம்மையொன்றைப் பார்த்துச் செய்ததாகவும் சொல்வதுண்டு. முதற் பொம்மையில் எட்டு உருவங்கள். வெளியே கையில் சேவலுடன் குடியானவப் பெண், கடைசியில் துணி சுற்றிய சிசு. கடையும்போது முதலில் உருவாவது உள்ளேயுள்ள மிகச் சிறியதுதான். அதன் அளவைக் கொண்டே மற்றவை வளரும். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்ற பிறகு, அது ருஷ்யாவின் அடையாளமாயிற்று.

கரடியையும் ருஷ்யர் பின்னால் தத்தெடுத்துக்கொண்டார்கள். 1980-ம் வருஷ மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குச் சிஷிகோவ் வரைந்த 'மீஷா' என்ற குட்டியிடம் நகமும் இல்லை, பல்லும் இல்லை. முடிவு விழாவன்று பலூன்களில் அது வானேறியபோது, மைதானத்தில் பலர் கண்ணீர் விட்டார்கள்.

தம்மைப் பற்றி அந்நியர் எழுதும் அபத்தங்களுக்கு ருஷ்ய மொழியில் 'க்ளூக்வா' என்று பெயர். க்ளூக்வா என்பது சதுப்பு நிலத்தில் தரையோடு படரும் புளிப்புப் பழக்கொடி. அதன் விசாலமான நிழலில் அமர்ந்து இளைப்பாறியதாகப் பிரெஞ்சு நாவலாசிரியர் டூமா எழுதிவிட்டார் என்பார்கள். நெருஞ்சி மரத்து நிழலில் உட்கார்ந்தேன் என்று ஒருவர் நம் ஊரைப் பற்றி எழுதுவது போல. டூமா 1858-ல் ருஷ்யாவுக்குப் போனது நிஜம். ஆனால் அவர் நூல்களில் அப்படி ஒரு வரியும் இல்லை. 1910-ல் ஸென்ட் பீட்டர்ஸ்பர்க் நாடகக் கொட்டகை ஒன்றில், அந்நியரைப் பரிகசிக்க ருஷ்யர்களே எழுதி நடித்த கேலி நாடகத்தில் முளைத்த மரம் அது.

இவ்வளவையும் பையனிடம் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தை வாங்கிப்போய் 'தேசியச் சின்னங்கள்' என்பதை மட்டும் அடித்துவிட்டுக் கொண்டுவந்தான். படத்தை அடிக்க மனம் வரவில்லையாம். எனக்கும் வரவில்லை, கரடி நன்றாகவே இருந்தது.