பழைய அம்பாசிடரை உலர்வாகத் தேய்க்கலாமா?

திருத்தணியில் ரோட்டோரப் பட்டறை ஒன்றில் பழைய அம்பாசிடரைத் தேய்த்துக்கொண்டிருந்தார் பெயின்டர். மேலே வெள்ளை, அடியில் பச்சை, அதற்கும் அடியில் மஞ்சள். மூக்கில் கர்ச்சீப், பக்கத்திலேயே டீ கிளாஸ்.

அந்த மஞ்சள்தான் பிரச்சினை. பழைய மஞ்சள், ஆரஞ்சு பெயிண்டுகளில் ஈய குரோமேட் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாளைக் காய்ந்தபடியே தேய்த்தால் அது பொடியாகி நுரையீரலுக்குப் போகும். சட்டையில் ஒட்டி வீட்டுக்கும் வரும். அங்கே குழந்தைகள் இருப்பாங்களே! ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஆனா, அது வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டும்தான். வண்டி பெயிண்டை ஏன் விட்டார்கள்? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சரி, எப்படி எடுப்பது? வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தால் தூசி அடங்கும். ரிமூவர் பூசலாம், ஆனால் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்றிருந்தால் மூடிய ஷெட்டுக்குள் தொடவே வேண்டாம், அந்த ஆவி ஆளையே கொன்றிருக்கிறது. ஹீட் கன்னால் கருக்கினால் ஈயம் புகையாகக் கிளம்பும். கர்ச்சீப் போதாது, பி100 ஃபில்டர் மாஸ்க் வேணும். வழித்த சேற்றைச் சாக்கடையில் விடாமல் டப்பாவில் அள்ளி மூடுங்கள்.

முதல்ல அந்த டீ கிளாஸை வெளியே வைங்கண்ணே.