எஞ்சினா, கணக்கா?

விடுதியில் என் அறை நண்பன் பௌதிகம் பயில்பவன். நானோ வணிகவியல் மாணவன். எக்ளிப்ஸ் 500 என்னும் சிறிய ஜெட் விமானம் ஏன் தோற்றது என்று எங்களுக்குள் எழுந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. "எஞ்சின்தான் காலை வாரிவிட்டது" என்பது அவன் கட்சி. கணக்குதான் காலை வாரியது என்பது என் கட்சி.

மைக்ரோசாஃப்டில் முன்பு பணியாற்றிய வெர்ன் ரேபர்ன் 1998-இல் எக்ளிப்ஸ் ஏவியேஷன் நிறுவனத்தைத் தொடங்கினார். அது அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் இயங்கியது. ஆறு பேர் அமரக்கூடிய, இரண்டு எஞ்சின் கொண்ட ஜெட். விலை பத்து லட்சம் டாலருக்கும் குறைவு என்றார்கள். பெருஞ்செல்வர்களே ஏறிவந்த ஜெட்டை வசதியுள்ள ஒரு மருத்துவர் தாமே ஓட்டிச் செல்லலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை பிறக்காது?

நண்பனின் வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வில்லியம்ஸ் நிறுவனத்தின் ஈஜே22 எஞ்சின் நாற்பது கிலோவுக்கும் குறைவான எடையுடையது. அதைப் பொருத்திய விமானம் 2002 ஆகஸ்டு 26-இல் முதன்முதலாகப் பறந்தது. எஞ்சின் எதிர்பார்த்தபடி உழைக்காததால் அவ்வாண்டு நவம்பரிலேயே ஒப்பந்தம் முறிந்தது. பிறகு பிராட் அண்ட் விட்னி கனடாவின் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தனர். அது கனமானது, விமானத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியதாயிற்று. முழுச் சான்றிதழ் 2006 செப்டம்பர் 30-இல்தான் கிட்டியது. (அதற்கு முன்பே புகழ்பெற்ற காலியர் விருதை வாங்கிவிட்டார்கள்! பிள்ளை நடக்குமுன்னே ஓட்டப்பந்தயப் பரிசு!)

பொறியியலை நான் குறை கூறவில்லை. பெரும்பாலான தறையாணிகளை ஒழித்து, சுழலும் கருவியின் உராய்வு வெப்பத்தால் அலுமினியத்தை உருக்காமலே இளக்கிப் பிசைந்து இணைத்தார்களே, அது பாராட்டத் தக்கது. ஆனால் சான்றிதழ் பெற்று, நன்றாகவே பறந்த விமானம் அதன் பின்னரும் ஏன் வீழ்ந்தது? இந்தக் கேள்விக்கு நண்பனிடம் பதில் இல்லை.

விமானம் உருவாகுமுன்பே விலை உருவாகிவிட்டது என்பேன் நான். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் செய்து விற்றால்தான் அந்த விலை கட்டும். அத்தனை பேர் வாங்குவார்களா? கையிலிருந்த ஆர்டர்களில் பாதிக்குமேல், அதாவது 1,400-க்கு மேற்பட்டவை, ஃபுளோரிடாவின் டேஜெட் என்ற வான்டாக்சி நிறுவனம் ஒன்றே கொடுத்தது. அது முப்பது விமானங்களைக்கூடப் பெறவில்லை. 2008 செப்டம்பரில் சேவையை நிறுத்திவிட்டது. அதற்குள் எக்ளிப்ஸின் விலையும் இருபது லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 25-இல் எக்ளிப்ஸ் திவால் மனுச் செய்தது. அதுவரை கைமாறியவை சுமார் 260 விமானங்களே.

எனக்கு நெஞ்சு பொறுக்காதது வேறொன்று. விமானம் கைக்கு வர ஆறு மாதம் இருக்கும்போதே விலையில் அறுபது விழுக்காட்டைக் கட்டச் சொன்னார்கள். கட்டியவர்களின் பணம் பட்டறையின் அன்றாடச் செலவில் கரைந்தது. திவால் வரிசையில் அவர்கள் ஈடில்லாக் கடன்காரர்கள். அடமானம் பெற்றவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். 2009-இல் வேறொரு நிறுவனம் சொத்துக்களை வாங்கி அந்த விமானத்திற்கு மறுவாழ்வு தந்ததை நண்பன் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறான். முன்பணம் கட்டியவர்களுக்கு அதில் பங்கு உண்டா என்று நேற்றிரவும் கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டான்.