பாட்டிலுக்குள்ள மூட்டை அடங்குமா?

நானோ யூரியா பத்தி நகரத்து நண்பர்கள் கேட்டுட்டே இருக்கீங்க. "மண்ணுக்கு நல்லது, தண்ணிக்கு நல்லது, மூட்டை சுமக்கிற வேலையும் இல்ல. அப்புறம் விவசாயிங்க ஏன் தயங்குறீங்க?"

காரணம் கணக்குதாங்க. 45 கிலோ யூரியா மூட்டையில 46 சதவீதம் நைட்ரஜன். அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. 2021ல இஃப்கோ கொண்டுவந்த அரை லிட்டர் பாட்டில்ல 4 சதவீதம், அதாவது 20 கிராம். ஒரு மூட்டைக்கு ஒரு பாட்டில் ஈடுன்னு சொல்லித்தான் அது வந்துச்சு.

மண்ணுல போடுற யூரியா பெரும்பாலும் வீணாகுது, இலையில அடிச்சா வீணாகாதுங்கறது அவங்க விளக்கம். வீணாகுறது நிஜம்தான். கொஞ்சம் காத்துல போகுது, கொஞ்சம் நைட்ரேட்டா கிணத்துல இறங்குது. யூரியாவைக் குறைக்கணும்ங்கறதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல. ஆனா மூணுல ஒரு பங்குதான் பயிருக்குச் சேருதுன்னு வச்சாலும் அது ஏழு கிலோ வருது. ஏழு கிலோ தின்ன பயிரு 20 கிராம்ல எப்படி வயிறு நிறையும்? 2024ல 20 சதவீத நைட்ரஜனோட புது பாட்டில் வந்துச்சு. அதுலயும் 100 கிராம்தான்.

11,000 வயல்கள்ல சோதிச்சோம், சராசரியா 8 சதவீதம் விளைச்சல் கூடுச்சுன்னு இஃப்கோ சொல்லுது. விக்கிறவங்களே சொல்ற கணக்கு இது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ரெண்டு வருஷம் வயல்ல போட்டுப் பார்த்துச்சு. வழக்கமான உரத்தோட ஒப்பிட்டா நெல் 13 சதவீதம், கோதுமை 21.6 சதவீதம் குறைஞ்சுது. தானியத்துல புரதமும் குறைஞ்சுது.

ஆராய்ச்சி நிலையங்கள்ல சோதிச்சாச்சுன்னு அரசாங்கமும் பதில் சொல்லுது. பஞ்சாப் மண்ணு வேற, நம்ம மண்ணு வேறன்னு நீங்களும் சொல்லலாம். நான் ஒத்துக்கறேன். அதனாலதான் இங்கேயே சோதிங்கன்னு கேக்குறோம். காந்திகிராமத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. தடியன்குடிசையில தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. திருச்சியில வாழைக்குன்னே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கு. இடத்துக்கா பஞ்சம்?

சோதனை எப்படி நடக்கணும்ங்கறதும் முக்கியம். ஒரு பாத்தியில முழு யூரியா. இன்னொண்ணுல பாதி யூரியாவும் நானோவும். மூணாவதுல பாதி யூரியாவும் வெறும் தண்ணித் தெளிப்பும். இந்த மூணாவது பாத்திதான் குட்டை உடைக்கும். மண்ணுல ஏற்கெனவே கிடக்குற சத்துல ஒரு போகம் நல்லாவே வந்துடும். அந்தப் பேரைப் பாட்டில் தட்டிட்டுப் போயிடக் கூடாது. அதனால ஒரு போகம் பத்தாது, அதே நிலத்துல மூணு நாலு போகம் பார்க்கணும்.

இது ஒண்ணும் ஆகாத காரியம் இல்ல. டிராக்டர்னா மத்தியப் பிரதேசத்துல புத்னிக்குப் போய் அரசு நிலையத்துல சோதனை முடிச்சு அறிக்கை வாங்கணும். எங்க சிறுமலை வாழையை முடிக்கொத்து நோய் அழிச்ச கதை திண்டுக்கல் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாடத்தாலதான் இன்னைக்குத் திசு வளர்ப்புக் கன்னுக்கு நச்சுயிரி சோதனை, சான்று எல்லாம் கேக்குறோம். கன்னுக்கு ஒரு நியாயம், பாட்டிலுக்கு ஒரு நியாயமா?

நாங்க கேக்குறது மூணே மூணு. சோதிக்கிறவரு விக்கிறவரா இருக்கக் கூடாது, அவர் காசுல சோதிக்கவும் கூடாது. தோத்த வயலோட கணக்கும் சேர்த்துத் தமிழ்ல வெளியில வரணும். சிபாரிசை நம்பி விளைச்சல் விழுந்தா, சிபாரிசு பண்ணினவங்க பொறுப்பேத்துக்கணும். 20 மூட்டை நெல்லு எடுக்குறவனுக்கு 13 சதவீதம்னா ரெண்டரை மூட்டைக்கு மேல. குறு விவசாயிக்கு அந்தப் போகத்து லாபமே அதுதான்.

சோதனையில பாட்டில் ஜெயிச்சா முதல் ஆளா நானே வாங்கி அடிக்கிறேன். அதுவரைக்கும், பசுமைத் தொழில்நுட்பம்னு உங்க போனுக்கு எது வந்தாலும், மத்தவங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: இதை யாரு, யார் காசுல, யார் வயல்ல சோதிச்சாங்க? பதில் இல்லேன்னா, அந்தச் சோதனை இனிமேல் எங்க வயல்ல, எங்க செலவுலதான் நடக்கப் போகுதுன்னு அர்த்தம்.