இருவர் மட்டுமுள்ள வீட்டின் புத்தாண்டுத் தீர்மானங்கள்

கொச்சியில் ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும் விதமே தனி. டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவில், கோட்டைக் கொச்சியிலே கிழவன் ஒருவனின் பேருருவத்தைச் சமைத்து நிறுத்திக் கொளுத்துவார்கள். பாப்பாஞ்ஞி என்பது அவ்வுருவின் பெயர். கிழவனைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். போன ஆண்டு அவனோடு எரிந்தொழிந்தது என்பது கருத்து. மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் கூட்டம் வெகுநேரம் வரை ஓயாது. விடிந்ததும் தீர்மானங்கள் தொடங்கும்.

வாசக அன்பர்களின் வீடுகளில் இத்தீர்மானங்கள் பெரும்பாலும் மக்களை முன்னிட்டே அமைகின்றன. மூத்தவளின் பத்தாம் வகுப்பு, இளையவனின் கல்லூரிப் பணம், பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்க மறந்துவிடாதிருக்க ஒரு வழி, இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக நீளும். பிள்ளையில்லாத வீட்டாரைக் கண்டால், "உங்களுக்கென்ன தம்பி, செலவா, கவலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவ்வீட்டாருக்கும் ஆண்டு பிறக்கத்தானே செய்கிறது? ஆதலின் இம்மாதப் பகுதியை அவர்கள் பொருட்டு எழுத எண்ணினோம்.

நாமும் அவ்வினத்தவரே. மணமாகி ஒன்பது ஆண்டுகளாகின்றன. மகவு வேண்டா என்பது நாமும் நம் இல்லாளும் கூடி யோசித்து எடுத்த முடிவு. மகப்பேறு வாய்க்காமல் வருந்துவோர் வேறு. வேண்டா என்றிருப்போர் வேறு. முன்னவர்க்கு வேண்டியது ஆறுதல். பின்னவர்க்கு ஆறுதல் கூறுவோர் வந்தால் சிரிப்புத்தான் வரும். எனினும் முதுமையும் நோயும் சொத்துரிமையும் இரு திறத்தாருக்கும் ஒன்றே என்பதால், ஒருங்கு சேர்த்தே பேசுகின்றோம்.

இது மேனாட்டுப் புதுமோகம் என்பார் உளர். 1942இல் நூலாக வெளிவந்த 'பெண் ஏன் அடிமையானாள்?' என்பதில் பெரியார் கர்ப்பத் தடைக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். பிறர் உடல்நலம், நாட்டின் பொருளாதாரம் என்று காரணம் காட்ட, அவரோ பெண்ணின் விடுதலையையே காரணமாகக் காட்டினார். அவரோடு உடன்படுவதும் மறுப்பதும் அவரவர் விருப்பம்; தமிழில் இப்பேச்சுக்கு வயது எண்பதுக்கு மேலாகிவிட்டது என்பதே நாம் சொல்லவந்தது. திருக்குறளில் மக்கட்பேறு என்ற அதிகாரத்தை எடுத்துக் காட்டும் பெரியவர்களையும் அறிவோம். அதே நூலில் ஒப்புரவறிதல் என்றும் ஓர் அதிகாரம் உண்டு. அதை யாரும் நம்மிடம் எடுத்துக் காட்டியதில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள் என்று கண்டனர். ஒரு பிள்ளை உள்ள வீடுகள் பெருகிவிட்டன. அப்பிள்ளையும் வளைகுடாவிலோ கனடாவிலோ இருப்பின் முதுமைக் கணக்கு நம் கணக்கோடு பெரிதும் ஒத்துவிடும். ஆகவே பிள்ளை உள்ளோரும் மேலே படிக்கலாம்.

நம் மட்டாஞ்சேரியிலேயே ஒரு வீடு இருந்தது. யூதத் தெருவில், 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்துக்குச் செல்லும் வழியில், சாரா கோகன் அம்மையார் பூவேலைத் துணிகள் விற்றுவந்த சிறு கடையைக் காணாதவர் நம்மில் சிலரே இருப்பர். அவருக்கும் கணவர் யாக்கோபுக்கும் மக்கள் இல்லை. தெருவில் உல்லாசப் பயணிகளுக்குச் சில்லறைப் பொருள் விற்றுத் திரிந்த தாஹா இப்ராஹிம் என்னும் முஸ்லிம் சிறுவனுக்குச் சரக்கு வைக்க அவ்வீட்டார் இடம் கொடுத்தனர். அவ்வளவில் தொடங்கிய பழக்கம், யாக்கோபு இறந்தபின் அம்மையாரை அவரே பேணும் அளவுக்கு வளர்ந்தது. 2019 ஆகஸ்டில், 96ஆம் வயதில் அம்மையார் மறையும் வரை கடையையும் அவரையும் தாஹா கவனித்துக்கொண்டார். பின்னும் அவ்விடத்தை அவர் நினைவாகக் காத்துவருகிறார். இதனை மதநல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் பத்திரிகைகள் எழுதின. நமக்குப் பட்டது வேறு. அம்மையார் முதுமை வந்தபின் துணை தேடிப் புறப்பட்டவர் அல்லர். உடலில் வலு இருந்த காலத்திலேயே வீட்டுக் கதவு திறந்திருந்தது. தம்மினும் இளையோர் இருவரோடாவது நெருங்கிப் பழகுவது என்று இவ்வாண்டுக்கு ஒரு தீர்மானம் வைத்துக்கொள்ளலாம். தீர்மானம் வைத்துப் பழகுவதா என்று நகைக்க வேண்டா. பிள்ளை பெற்றோருக்குப் பள்ளிக்கூட வாசலில் தானே அமைந்துவிடும் பழக்கங்கள் நமக்கு அமைவதில்லை. நாம்தாம் தேடிப் போக வேண்டும்.

ஆண்டுதோறும் எண்ணிக்கை வைத்துச் செயல்பட்ட தம்பதியர் என்றால் கர்நாடகத்து மாகடியை அடுத்த ஹுலிகல் ஊரின் திம்மக்காவும் சிக்கையாவும் நினைவுக்கு வருகின்றனர். எழுத்தறியாத உழைப்பாளிகள். மகவில்லாக் குறையால் ஊராரின் ஏச்சுக்கு ஆளானவர்கள். சாலையோரம் முதலாண்டில் 10 ஆலங்கன்றுகளை நட்டனர். மறு ஆண்டில் 15. மூன்றாம் ஆண்டில் 20. மழைக்காலத்தை ஒட்டி நடுவது, பிற நாட்களில் குடங்களில் நீர் சுமந்து ஊற்றுவது, கால்நடை மேயாமல் முள்வேலி கட்டுவது என்று முறையாகச் செய்தனர். இவ்வாறு ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் இடையே நான்கு கிலோமீட்டருக்கு மேல் 385 ஆலமரங்கள் நின்றன. 1991இல் கணவர் இறந்தார். 2019இல் அம்மைக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டில் சாலையை அகலப்படுத்த அம்மரங்களுக்கு ஆபத்து வந்தபோது முதலமைச்சரிடம் முறையிடவும் நேர்ந்தது. 2025 நவம்பரில், 114ஆம் வயதில் மறைந்ததாகச் செய்தி வந்தது. அவர்கள் முதலாண்டில் நூறு கன்றுகளை நட்டிருந்தால், நீர் சுமக்க இயலாமல் கோடையில் பாதியும் பட்டுப்போயிருக்கும் என்பது நம் எண்ணம். இரண்டு பேரின் தோளுக்கு எத்தனை குடம் என்று கணக்கிட்டே தொடங்கியிருக்கிறார்கள்.

இனி, யாரும் பேச விரும்பாத விஷயத்துக்கு வருவோம். உயில்.

மரண பத்திரம் என்று பெயர் சொன்னாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். சட்டத்தை ஒருமுறை அறிந்தால் சுளிப்பு அகலும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மக்களில்லாத ஓர் ஆண் உயில் எழுதாமல் இறப்பின், அவன் சொத்து மனைவிக்கும், தாய் உயிரோடிருந்தால் தாய்க்கும் சமமாகப் போகும். இதில் நமக்குக் குறையில்லை. பெண்ணின் நிலைமையே விசித்திரமானது. மக்களில்லாத மனைவி உயிலின்றி இறந்தால், அவள் தானே சம்பாதித்த பொருளும் முதலில் கணவனுக்கே சேரும். கணவன் முன்னரே இறந்திருப்பின் கணவனுடைய வாரிசுகளுக்குச் சேரும். அவர்களில் ஒருவரும் இல்லையென்றால்தான் அவளைப் பெற்றோருக்கு முறை வரும். தாய் தந்தையரிடமிருந்து வாரிசாக அவளுக்கு வந்த சொத்து மாத்திரம் தந்தைவழி வாரிசுகளுக்குத் திரும்பும்.

நம் இல்லாள் பள்ளி ஆசிரியை. தன் சம்பளத்தில் சேர்த்த வைப்புநிதியை நாகர்கோவிலில் இருக்கும் தன் தாய்க்கு ஆதாரமாக எண்ணியிருந்தாள். நாம் முன்னே போய், பின்னர் அவளும் போனால், அத்தொகை அந்த அம்மையாருக்கு அன்றி, நம் தாய்க்கும் அவருக்குப்பின் நம் உடன்பிறந்தாருக்கும் சேரும் என்று அறிந்த அன்று அவள் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்போ உங்க தம்பி கையெழுத்துப் போட்டு எங்கம்மாவுக்குக் கொடுப்பாரா?" என்று மட்டும் கேட்டாள். நம் தம்பி நல்லவர்தாம். ஆயினும் நல்லவர் என்ற ஒன்றை நம்பி ஒரு முதியவளின் மருந்துச் செலவை விட்டுவைப்பது முறையன்று. 2025 நவம்பரில் உச்சநீதிமன்றமே இந்துப் பெண்கள் உயில் எழுதி வைத்தல் நலம் என்று அறிவுறுத்தியிருக்கிறது.

கிறிஸ்தவ அன்பர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்; மக்களின்றி இறந்தவரின் மனைவிக்குப் பாதியும், உறவினர்க்குப் பாதியும் போகும். முஸ்லிம் அன்பர்களில் மக்களில்லாத கணவர் இறந்தால் மனைவிக்கு நாலில் ஒரு பங்கு. உயிலும் மூன்றில் ஒரு பங்குக்கே செல்லும் என்பதால் தம் ஜமாத்தில் விசாரித்துக்கொள்வது நன்று.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையொப்பமிடுவதைக் கண்டு இருவர் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். பதிவு கட்டாயமன்று, சார்பதிவாளரிடம் பதிந்து வைத்தால் பின்னர் வழக்காடுவோருக்கு வாய் அடங்கும். பயன்பெறுவோரைச் சாட்சியாக்காமலிருப்பது மேல். வங்கியில் நியமனதாரர் பெயர் கொடுத்திருக்கிறோமே என்று இருந்துவிட வேண்டா. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதானே அன்றி உரியவர் அல்லர். உரிமையை வாரிசுச் சட்டமோ உயிலோதான் தீர்மானிக்கும்.

மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கையில் முடிவெடுப்பவர் யார் என்பதும் கேள்வியே. 2018இல் உச்சநீதிமன்றம் இதற்கென முன்கூட்டி எழுதிவைக்கும் பத்திரத்தை ஏற்றது; 2023இல் முறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன் எழுதி, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். நம் பொருட்டுப் பேசுவோர் யார் என்று அதில் பெயர் குறிக்கலாம். மேலும் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளையில்லாத முதியோரைத் தனியே கருதுகிறது. 60 வயது கடந்த அத்தகையவர், தம் சொத்தை அனுபவித்துவரும் அல்லது பின்னர் பெறவிருக்கும் வாரிசு உறவினரிடம் பராமரிப்புக் கோரித் தீர்ப்பாயம் செல்லலாம். நம் தமிழ்க் குடும்பங்களில் இதை அறிந்தவர் ஒருவரையும் இதுவரை நாம் சந்தித்ததில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். பிள்ளையில்லாதவனுக்குச் செலவில்லை என்பது வீண்பேச்சு. பிறர் மக்களிடம் எதிர்பார்க்கும் பணிவிடையை அவன் கூலிகொடுத்துப் பெற வேண்டியவன். எறணாகுளத்தில் தேநீர்க்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியர் நாள்தோறும் 300 ரூபாய் ஒதுக்கியும், கடன் வாங்கி அடைத்தும் 26 நாடுகளைப் பார்த்தனர். 2021இல் விஜயன் மறைந்தார். அவர்களுக்குப் பெண்மக்கள் இருவர் உண்டு. அந்த அன்றாட ஒதுக்கீடு மட்டும் நமக்குப் பாடம். ஊர்சுற்ற நமக்கும் ஆசை உண்டு. ஆனால் 2024 நவம்பர் முதல் இரயில்வேயில் 60 நாட்களுக்கு முன்னரே பயணச்சீட்டுப் பதிவு செய்யலாம் என்றாகிவிட்டது. பொங்கலுக்கு ஊர் செல்லும் அன்பர்கள் இதை மறந்து கடைசி வாரத்தில் வந்து எம்மைக் கோபிப்பது ஆண்டுதோறும் நிகழ்வது.

ஓர் உறுத்தலும் உண்டு. எந்த அலுவலகமாயினும் பண்டிகை நாளில் வேலைக்கு யார் என்ற பேச்சு எழுந்தால், பிள்ளையில்லாதவர் பக்கம் எல்லாக் கண்களும் திரும்பும். ஒருமுறை இரண்டுமுறை ஏற்பது அன்பு. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஏற்க வேண்டும் என்றால் அது வரி. எந்த எந்த நாட்களை விட்டுக்கொடுப்போம், எவற்றைக் கொடோம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது இருதரப்புக்கும் நலம். நாம் ஓணத்தைக் கொடுத்துப் பொங்கலைக் கேட்டிருக்கிறோம்.

மிச்சமாகும் பொழுதைப் பற்றி இல்லாளுக்கும் நமக்கும் சிறு வழக்கு இருந்தது. ஞாயிறு காலைகளில் வாத்துருத்தியில் கூலிவேலை செய்யும் நம் மக்களின் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்க வேண்டும் என்றாள். வேண்டா என்று வைத்த பிள்ளைகளை வெளியே தேடுவானேன் என்று நாம் கேட்டோம். "பிள்ளை வேணாம்னுதான் சொன்னேன், பிள்ளைகளே வேணாம்னா சொன்னேன்?" என்றாள். அத்துடன் வழக்கு முடிந்தது. நாம் தேர்ந்தது வேறு. 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை முயற்சி இன்று கேரளம் எங்கும் பரவியிருக்கிறது. 2008இல் மாநில அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. செவிலியரோடு தொண்டர்களும் படுக்கையிலிருப்போர் வீடுகளுக்குச் செல்கிறார்கள். தொண்டருக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை, பயிற்சி கொடுக்கிறார்கள். தமிழ் மட்டும் அறிந்த கிழவர் ஒருவர் தம் வலியைச் சொல்லும்போது அதை மலையாளத்தில் செவிலியருக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா? மாதம் இரு ஞாயிறுகள் என்று பெயர் கொடுத்திருக்கிறோம். நான்கு என்று எழுத மனம் வந்தது. ஹுலிகல்லின் பத்துக் கன்றுகள் தடுத்தன.

ஆக இவ்வாண்டு நம் வீட்டின் தீர்மானங்கள் நான்கே. இரு உயில்கள், இரு ஞாயிறுகள், நாளொன்றுக்கு நூறு ரூபாய், நீச்சல். கடைசியது இல்லாளின் சேர்ப்பு. கடலோரத்தில் இத்தனை ஆண்டு இருந்தும் இருவருக்கும் நீந்தத் தெரியாது. உயில் படிகள் எழுதி முடிந்தன. சாட்சிகளில் ஒருவர் நம் அலுவலகத்து மூத்தவர். மற்றவர் வயதில் இளையவராயிருத்தல் வேண்டும். எழுதியவர் போனபின் வந்து சொல்ல வேண்டியவர் அவரல்லவா? எதிர்வீட்டுத் தையற்காரரின் மகன், வயது 24, இசைந்திருக்கிறான். பொங்கல் கழிந்த ஞாயிறு மாலை வருவதாகச் சொன்னான். அன்று அவன் அம்மாவையும் உணவுக்கு அழைத்திருக்கிறோம்.