மொழி கற்கும் கடமை யாருக்கு?

வடமாகாணத்துக் கமக்காரர் ஒருவர் தமது வெங்காயத்தை வியாபாரி ஒருவருக்குக் கடனுக்கு விற்றார். பாதிப் பணம் கைக்கு வந்தது, மீதி வரவில்லை. பலமுறை கேட்டுச் சலித்தபின் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தார். அங்கே கடமையிலிருந்த உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. கமக்காரருக்குச் சிங்களம் தெரியாது. சைகையும் அரைகுறைச் சொற்களுமாக வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்ற வழமையான குறிப்பும் அதன் அடியிற் சேர்ந்தது. கமக்காரர் கையொப்பமிட்டு வீடு திரும்பினார்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோதுதான் அந்தத் தாளில் இருந்தது என்னவென்று அவருக்குத் தெரிந்தது. “பாதி தந்தார், மீதி தரவில்லை” என்று அவர் சொன்னது, “பணம் தந்தார்” என்ற மட்டில் நின்றுவிட்டது. எதிர்த்தரப்பு அதனையே ஆயுதமாக்கியது. அவருக்காகத் தோன்றிய நாம், அவர் சொல்லாத ஒன்றை அவர் சொல்லவில்லை என்று நிறுவுவதிலேயே காலத்தைக் கழித்தோம். ஈற்றில், வரவேண்டியதிற் பாதியை வாங்கிக்கொண்டு அவர் சமாதானமாகப் போனார். வியர்வை சிந்தி விளைவித்தவன் ஒரு சொல்லிலே தோற்றான்!

இது வெறும் மரியாதைக் குறைவா? அன்று, சட்ட மீறல். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி, பொதுப் பதிவேடுகளின் மொழி என்று விதித்தது. அரசியலமைப்பின் இருபத்திரண்டாம் உறுப்புரையைப் படிப்பவர் எவரும் இதனை அறிவர். ஏட்டிலே தமிழ் இருக்கின்றது; பொலிஸ் நிலையத்து மேசையிலே இல்லை.

இதற்குப் பரிகாரம் கேட்டால், “நீங்கள் சிங்களம் படித்தால் என்ன?” என்று சிலர் எம்மைத் திருப்பிக் கேட்கின்றனர். நல்லெண்ணத்தோடு கேட்பவரும் அவருள் உளர். அவர்களுக்கு நாம் கூறும் விடை இதுவே: மொழி கற்பது வேறு, கற்காதவனைத் தண்டிப்பது வேறு. 1956 ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டத்தின் பின்னர், சிங்களத் தேர்ச்சி பெறாத குற்றத்துக்காக எழுதுவினைஞர் கோடீஸ்வரனுக்கு 1962 இல் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்டது. அவர் வழக்காடினார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் உயர்நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்குத் தொடர முடியாதென்று அதனைத் தள்ளியது. 1969 இல் கோமறை மன்று, தொடரலாம் என்றது. ஆனால் அச்சட்டம் அரசியலமைப்புக்கு அமைவானதா என்ற மூல வினாவுக்கு இறுதித் தீர்ப்பு வரவேயில்லை. அந்த வடு ஆறாதிருக்க, “படித்தால் என்ன?” என்பது எளிய கேள்வியாக எமது செவியில் விழுவதில்லை.

ஆயினும் வடுவைக் காட்டிக்கொண்டே காலங்கழிப்பது அரசியலாகாது. உரிமை யாருடையது, கடமை யாருடையது என்று பிரித்தறிவோமாக. தன் மொழியிற் கருமம் ஆற்றும் உரிமை பிரசையினுடையது. பிரசையின் மொழியை அறியும் கடமை, மக்கள் பணத்திற் சம்பளம் பெறும் உத்தியோகத்தனுடையது. இந்நீதி இருபக்கமும் செல்லும். வவுனியாவிலோ திருகோணமலையிலோ ஒரு சிங்களத் தாய் காணிக் கச்சேரிக்கு வந்தால், எமது தமிழ் உத்தியோகத்தர் அவளுக்கு விளங்கும் மொழியிற் பேசக் கடமைப்பட்டவர். இதனை ஒப்பாதவர் எமது கமக்காரனுக்காக வாதாடும் தகுதியை இழக்கின்றார்.

2007 யூலை முதலாந் திகதிக்குப் பின் அரச சேவையிற் சேர்ந்தோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டுமென்று சுற்றுநிருபம் பிறந்தது. நோக்கம் நன்று. ஆனால் பரீட்சையிற் சித்தியெய்தியவர் பலர் கருமபீடத்தில் வாய் திறக்கத் தயங்குவதை நாம் நேரிற் கண்டிருக்கின்றோம். இலக்கணம் தெரியும், எதிரே நிற்கும் கிழவனின் பேச்சுத்தான் விளங்காது. தம்புள்ளைச் சந்தைக்குப் போய்வரும் எமது லொறிச் சாரதிகளைப் பாருங்கள். எந்தப் பரீட்சையும் எழுதாமலே விலை பேசுகின்றனர், எடை சரிபார்க்கின்றனர். தேவையும் அன்றாடப் பழக்கமும் அவர்களுக்கு ஆசிரியர். ஆகவே உத்தியோகத்தனைப் பரீட்சிப்பதாயின் அவன் மேசையிலேயே பரீட்சியுங்கள். ஒரு முறைப்பாட்டைக் கேட்டு எழுதட்டும். எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தட்டும். பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழ் அறிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டுமென்று 2011 இல் அரசாங்கத்தின் நல்லிணக்க ஆணைக்குழுவே விதந்துரைத்தது. நாம் புதிதாக எதனையும் கேட்கவில்லை.

இனி எமது வீட்டுக்குள்ளும் நோக்குவோம். தலைமைக் காரியாலயத்திலிருந்து தனிச் சிங்களத்தில் வரும் கடிதத்தை, தமிழில் அனுப்புக என்று ஒரு வரி எழுதித் திருப்பியனுப்பும் துணிவு எமது அலுவலர் எத்தனை பேருக்கு உண்டு? சட்டத்தரணிகளாகிய நாமோ, தமிழ்க் கட்சிக்காரருக்கு ஆங்கிலத்தில் அறிவித்தல் எழுதிவிட்டு மொழியுரிமை பற்றி மேடையிலே முழங்குகின்றோம். இந்த வெட்கத்தை முதலில் துடைத்தல் வேண்டும்.

கமக்காரப் பெருமக்களே, உங்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. வாசிக்க முடியாத தாளிற் கையொப்பமிடாதீர்கள். தமிழில் எழுதுங்கள் என்று பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். மறுத்தால், அந்த நாளையும் நேரத்தையும் உத்தியோகத்தரின் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே முறையிடுங்கள். 1991 ஆம் ஆண்டின் சட்டம் அதனை அமைத்தது இத்தகைய முறைப்பாடுகளை விசாரிப்பதற்கே. கமக்காரர் அமைப்புக்கள் இம்முறைப்பாடுகளை எழுதிக் கொடுக்க முன்வரட்டும். சட்டத்தரணிகள் கூலியின்றி உதவட்டும்.

உங்கள் பிள்ளைகள் சிங்களம் கற்கட்டும். அச்சத்தினால் அன்று, அயலவனின் பேச்சை அறியும் ஆவலினாற் கற்கட்டும். ஆனால் அவர்கள் கற்றுத் தேறும்வரை ஒரு கிழவனின் நியாயம் காத்திருக்க முடியாது. பாதிப் பணத்தோடு வீடு போன அந்த மனிதனுக்கு அரசு கடன்பட்டிருக்கின்றது. அக்கடனை அவனுடைய மொழியிலேயே தீர்த்தல் வேண்டும்.