பிழை ஆச்சியிலயா, எங்கட செய்நிரலிலயா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாய் வாசியுங்கோ.

எங்கட வகுப்புப் பிள்ளைகள் பாஸ்கலில் ஒரு சின்னச் செய்நிரல் எழுதினார்கள். ஊர்காவற்றுறை வள்ளத்துக்கு ரிக்கெற் பதிகிற மாதிரி. கறுப்புத் திரையில் நாலு தெரிவு: பதிவு, நேரம், இரத்து, வெளியேறு. 1 முதல் 4 வரை ஒரு இலக்கத்தை அமத்தினால் சரி. பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஆச்சி ஒருவரை இருத்தி, தெரிவுகளை வாசித்துக் காட்டி, "அமத்துங்கோ" என்றோம்.

ஆச்சி முதலில் என்ரரை மட்டும் அமத்தினா. பாஸ்கல் இலக்கம் வரும்வரை வெற்று வரியைத் தாண்டித் தாண்டிக் காத்திருக்கும். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 7. அதற்கும் பதில் இல்லை, மெனு திரும்ப வந்தது. கடைசியில் ஏதோ ஒரு எழுத்தில் விரல் பட்டது. "ரன்டைம் எரர் 106". செய்நிரல் செத்துப்போச்சு. பிள்ளைகள் சிரித்தார்கள். ஆச்சி எழும்பி, "எனக்கு உது விளங்காது மோனை" என்று போயிட்டா.

இதைச் சொன்னதற்கு சக ஆசிரியர் ஒருவர், "பயனர்தான் சரியாய் உள்ளிட வேணும் சேர். உது சோதினைக்கும் வராது, ஏன் நேரத்தை வீணாக்கிறீர்?" என்றார். அவருக்குத்தான் இந்தப் பதிவு.

போன வருசம் என் உம்மாவுக்கு ஒரு அலுவலகத்தில் இணையப் படிவம் நிரப்பினோம். உம்மாவிடம் இருப்பது பழைய அடையாள அட்டை: 9 இலக்கமும் கடைசியில் 'வீ' எழுத்தும். 2016 இலிருந்து கொடுபடுகிற புது இலக்கத்தில் எழுத்து இல்லை, 12 இலக்கம். அந்தப் பெட்டியை எழுதினவர் புதியதை மட்டும் நினைத்து எழுதியிருக்கிறார். "தவறான உள்ளீடு" என்று மட்டும் வந்தது. எது தவறு, என்ன செய்யவேணும், ஒரு சொல் இல்லை. கவுன்ரரில் இருந்தவர் சொன்னது: "அம்மா, உங்கட நம்பர் பிழை." வயசு முழுக்கக் கொண்டுதிரிந்த நம்பர் எப்படியப்பா பிழையாகும்? தீவில இருந்து போறவருக்கு அந்த ஒரு வரி, ஒரு நாள், ஒரு வள்ளக்காசு.

இன்னும் பெரிய விலை கொடுத்தவர்களும் உண்டு. 1986 இல் அமெரிக்காவில், டெக்சாசின் டைலர் நகரில், தெரக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம். அதற்கும் எழுத்துத் திரைதான். இயக்குநர் ஒரு எழுத்தைப் பிழையாய் அடித்து, மேலே போய்த் திருத்தினார். அவர் திருத்திய வேகத்தைச் செய்நிரல் கவனிக்கவில்லை. திரையில் வந்தது "மல்ஃபங்ஷன் 54". அதன் அர்த்தம் கைநூலிலும் விளங்கும்படி இல்லை. தொடர்வதற்கான விசையை அமத்தினார். அந்த ஆண்டு அங்கே அளவுமீறிய கதிர் பட்ட இருவரும் பிறகு இறந்துபோனார்கள். விரல் வழுக்குவது மனுசனுக்கு இயல்பு. அதற்கு இடம் வைக்காமல் எழுதினது ஆர்?

வேலையும் பெரிசில்லை. இலக்கமாய் நேரே வாங்காமல் சரமாய் வாங்கி, 'வால்' என்பதால் மாற்றிப் பார்த்தால் எத்தனையாவது எழுத்தில் சிக்கல் என்றே சொல்லும். வெற்று வரியும் அப்போது பிடிபடும். 'கேஸ்' கூற்றுக்கு ஒரு 'எல்ஸ்' போட்டால் 7 க்கும் பதில் இருக்கும். பைதன் என்றால் 'ட்ரை', 'எக்செப்ட் வேல்யூஎரர்'. (பைதன் தமிழ் ௩ ஐயும் 3 என்று எடுக்கும், சோதித்துப் பாருங்கோ.) ஆனால் சிலர் வெறும் 'எக்செப்ட்' போட்டு எல்லாத்தையும் விழுங்க விடுகிறார்கள். சுற்றுக்குள் அப்படிப் போட்டால் கொன்ட்ரோல்-சீ அமத்தினாலும் ஆள் வெளியே வர ஏலாது. அது பிழையைக் கையாளுறது இல்லை, ஆளைப் பூட்டிவைக்கிறது.

நேரம் வீணாகுது என்கிற சேருக்கு: இரண்டு பாடவேளை போச்சு, உண்மைதான். பிள்ளைகள் இப்போது "1 முதல் 4 வரை ஒரு இலக்கத்தை அமத்துங்கோ" என்று எழுதித் திரும்பக் கேட்கிறார்கள். "தவறு" என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள், அது நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

வாற புதன் பள்ளி விட்ட பிறகு திரும்பச் சோதிக்கப்போகிறோம். கொம்பியூட்டர் தொடாதவர்கள்தான் வேணும். ஆச்சியிடம் பேரன் சொல்லியிருக்கிறான். மற்ற வீடுகளில் இருந்தும் அம்மம்மா, அப்பப்பா ஆரும் இருந்தால் அனுப்பிவையுங்கோ. கண்ணாடியை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கோ.